நானூறு மணி நேரத்து ரஷ்யன்

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்க வாஷிங்டனுக்கு அருகே ஒரு பயிற்சிக் கழகம் நடத்துகிறது. ஆங்கிலத்தில் வளர்ந்த ஒருவர் வேற்று மொழியில் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தேற எவ்வளவு காலம் ஆகும் என்று பல்லாண்டு அனுபவத்தில் கணக்கிட்டு அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ரஷ்ய மொழிக்கு அந்தப் பட்டியல் தரும் கணக்கு 44 வாரம், 1,100 வகுப்பு மணி நேரம். ரஷ்யனோடு அதே வரிசையில் தமிழும் இருக்கிறது. நம் மொழி எவ்வளவு கடினம் என்று பெருமைப்பட விரும்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் பேர் படிக்கும் ஒரு சிறு அமெரிக்கக் கல்லூரியின் கால அட்டவணையை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாண்டு ரஷ்ய வகுப்பு வாரம் ஐந்து நாள், நாளுக்கு 50 நிமிடம். பருவத்துக்குப் பதினான்கு வாரம், ஆண்டுக்கு இரண்டு பருவம். ஆண்டு முழுக்க ஒரு வகுப்பும் தவறாமல் போனாலும் 117 மணி நேரம்தான் தேறும். இரண்டாம் ஆண்டில் நான்கு நாள், அடுத்த இரண்டு ஆண்டுகளில் வாரம் மூன்று மணி என்று குறைந்துகொண்டே போகும். நான்கு ஆண்டும் விடாமல் படித்துப் பட்டம் வாங்குகிற மாணவர் வகுப்பறைக்குள் கழித்த நேரத்தைக் கூட்டினால் நானூறு மணியைத் தாண்டுவது அரிது. அரசு கேட்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

அப்படியானால் அந்த நானூறு மணி எதற்கு? மொழியை முழுதாகக் கற்றுத்தர முடியாது என்று தெரிந்தே ஒரு கல்லூரி ஏன் ரஷ்யத் துறை வைத்திருக்கிறது? அதற்குப் பணம் கொடுத்தவர்கள் ஒன்றை எதிர்பார்த்தார்கள். வகுப்பறையில் நடந்தது வேறொன்று. இந்த இடைவெளியில்தான் அந்தத் துறைகளின் கதை இருக்கிறது என்பது என் எண்ணம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ரஷ்யன் நுழைந்தது 1896இல், ஹார்வர்டில். வரலாற்றாசிரியர் ஆர்ச்சிபால்ட் கேரி கூலிட்ஜின் முயற்சியால் லியோ வீனர் என்பவர் அங்கே ஆசிரியரானார். பியாலிஸ்டோக்கில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். மொழிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே கற்றுக்கொண்டவர். டால்ஸ்டாயின் படைப்புகளைத் தனியொருவராக ஆங்கிலத்தில் பெயர்த்து 24 தொகுதிகளாக 1904-05இல் வெளியிட்டார். கணிதமேதை நார்பர்ட் வீனரின் தந்தை என்றால் பலருக்கு எளிதில் விளங்கும். ஆனால் அன்று ரஷ்யன் பெரிய பல்கலைக்கழகங்களின் ஓரத்தில் இருந்த ஒரு விநோதம் மட்டுமே. சிறு கல்லூரிகளுக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் லத்தீனும் போதுமானவையாக இருந்தன.

இரண்டாம் உலகப் போர் இதை மாற்றியது. சோவியத் ஒன்றியம் கூட்டாளி நாடானதும் ராணுவமும் கடற்படையும் அவசர அவசரமாக ரஷ்யன் தெரிந்தவர்களைத் தேடின. பல்கலைக்கழக வளாகங்களில் தீவிரப் பயிற்சி வகுப்புகள் முளைத்தன. கல்லூரி மாணவர்களுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. பாஸ்டனுக்கு அருகே உள்ள வெல்லெஸ்லி என்ற பெண்கள் கல்லூரியில் 1941இல் விரிவுரை ஆற்றத் தொடங்கிய ஒரு புலம்பெயர்ந்த எழுத்தாளர், 1943இல் அங்கே அடிப்படை ரஷ்யன் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். முதலில் அது மதிப்பெண் இல்லாத, பாடத்திட்டத்துக்கு வெளியே நடந்த வகுப்பு. 1944இல்தான் முறையான பாடமாயிற்று. அந்த எழுத்தாளர் விளாதிமிர் நபக்கோவ்.

நபக்கோவின் வெல்லெஸ்லி ஆண்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியைத்தான் ஆசையாக எழுதுவார்கள். ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில் நீல வண்ணத்துப்பூச்சிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபடியே, அங்கிருந்து வெல்லெஸ்லிக்குப் போய் இலக்கணம் நடத்தினார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருடைய வேலை ஒப்பந்தம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட்ட வேலை அது. நிரந்தரப் பணி கடைசி வரை வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரிய உரைநடைக் கலைஞர்களில் ஒருவர் மாணவிகளுக்கு வேற்றுமை உருபு சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு சம்பளம் உண்டா என்று கடிதத்துக்குக் காத்திருந்தார். 1948இல் கார்னெல் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்து அழைத்ததும் போய்விட்டார்.

அந்த அனுபவத்தின் கசப்பும் நகைச்சுவையும் கலந்து வந்ததுதான் 1957இல் நூலான ‘ப்னின்’ நாவல். கற்பனையான வெயிண்டெல் கல்லூரியில் ரஷ்யன் கற்பிக்கும் திமொஃபேய் ப்னினுக்குத் தனித் துறை கிடையாது. ஜெர்மன் துறைத் தலைவரின் நல்லெண்ணத்தில், அவருடைய குடைக்கடியில் பிழைப்பு ஓடுகிறது. மாணவர் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியது. அந்தத் தலைவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனதும் ப்னினை ஏற்றுக்கொள்ள எந்தத் துறையும் முன்வரவில்லை. வேலை போகிறது. இதைப் புலம்பெயர்ந்தவனின் தனிமையைச் சொல்லும் நாவலாகத்தான் பெரும்பாலும் படிக்கிறோம். கல்லூரி நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதற்கான துல்லியமான ஆவணமாகவும் படிக்கலாம். ஒரு புரவலர், ஒரு ஆசிரியர், சில மாணவர்கள். இவற்றில் எது விலகினாலும் ரஷ்யன் விழுந்துவிடும். 1957இல் எழுதியது இன்றும் பழசாகவில்லை.

அந்த நாவல் வந்த ஆண்டின் அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்கா திகைத்துப்போனது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி ஐசனோவர் கையெழுத்திட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், கணிதம் அறிவியலோடு அந்நிய மொழிகளுக்கும் பணத்தைக் கொட்டியது. சட்டத்தின் பெயரிலேயே ‘பாதுகாப்பு’ இருப்பதைக் கவனியுங்கள். புஷ்கினுக்காக யாரும் பணம் ஒதுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் உருவான ஆசிரியர்கள் நாடெங்கும் பரவிச் சிறு கல்லூரிகளில் ரஷ்யத் துறைகளைத் தொடங்கியபோது, அவர்கள் நடத்தியது புஷ்கினைத்தான். ஏவுகணைக் கட்டுரைகளைப் படிக்கத்தான் பயிற்சி. படித்ததோ கோகலின் ‘மூக்கு’, ‘மேலங்கி’ கதைகளை.

நவீன மொழிச் சங்கத்தின் கணக்கெடுப்புகளில் இந்தப் பயத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே பதிவாகியிருக்கிறது. ஸ்புட்னிக்குக்குப் பின் எண்ணிக்கை வேகமாக ஏறி, 1960இல் அமெரிக்கக் கல்லூரிகளில் ரஷ்யன் படிப்போர் 30,000ஐத் தாண்டினர். பின்பு ஆர்வம் தளர்ந்து 1980இல் சுமார் 24,000 ஆனது. கோர்பச்சேவின் காலம் வந்ததும் மறுபடி ஓர் அலை. இம்முறை பயம் பாதி, நம்பிக்கை பாதி. 1990இல் 44,000ஐத் தாண்டியது. அதற்கு முன்போ பின்போ அந்த உயரம் எட்டப்படவில்லை. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, 1995இல், 25,000க்கும் கீழே. ஐந்தே ஆண்டில் கிட்டத்தட்ட பாதி காணாமல்போனது. டால்ஸ்டாய் அதே டால்ஸ்டாய்தான், எதிரிதான் இல்லாமல்போனான். 2021இல் எஞ்சியவர்கள் சுமார் 17,600 பேர்.

இந்த எண்களைக் காட்டித்தான் துறைகளை மூடுகிறார்கள். திறந்ததும் இதே எண்களைக் காட்டித்தான்.

சரி, வகுப்புக்குள் போவோம். முதலாண்டில் எட்டோ பத்தோ பேர் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்து ஒரு தடையே இல்லை. முப்பத்து மூன்று எழுத்துகளை இரண்டு வாரத்தில் பழகிவிடலாம். உண்மையான தொல்லை வேற்றுமையில் தொடங்குகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவருக்குப் பெயர்ச்சொல் வாக்கியத்தில் தன் பொறுப்பைத் தன் வாலிலேயே சுமக்கும் என்ற எண்ணமே புதிது. எட்டு வேற்றுமையோடு வளர்ந்த தமிழருக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. ஆனால் நமக்கும் ஒரு பொறி உண்டு. தமிழில் ‘மரத்தை’, ‘மரங்களை’ என்று பன்மையைத் தனியாகவும் உருபைத் தனியாகவும் பிரித்துவிடலாம். ‘ஐ’ எங்கே வந்தாலும் ‘ஐ’தான். ரஷ்யனில் வேற்றுமையும் எண்ணும் பாலும் ஒரே ஈற்றில் உருகிக் கிடக்கும். ஆறே வேற்றுமைதான் என்று மனப்பால் குடித்தவர்கள், பால் மாறினால் ஈறு மாறும், எண் மாறினால் மறுபடி மாறும், பெயரடையும் கூடவே மாறும் என்று தெரியும்போது கொஞ்சம் தளர்ந்துபோவார்கள்.

அடுத்து வினை. ரஷ்ய வினை பெரும்பாலும் இரட்டையாக வரும்: செயலை நடந்துகொண்டிருப்பதாகவோ பொதுவாகவோ பார்ப்பது ஒன்று, முடிந்து விளைவு கண்டதாகப் பார்ப்பது மற்றொன்று. ‘படித்தேன்’ என்பதற்கும் ‘படித்துவிட்டேன்’ என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை நாம் யோசிக்காமலே கையாள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல என்றாலும் அந்தக் காது நமக்கு இருக்கிறது. அமெரிக்க மாணவருக்கு அதைப் பயிற்சித்தாள் பயிற்சித்தாளாக வளர்க்க வேண்டியிருக்கிறது. ‘அன்னா கரேனினா’வை எப்போதாவது படித்ததுண்டா என்று ஆசிரியர் கேட்டால் ஒரு வினை. அதே கேள்வியை மற்ற வினையில் கேட்டால், வாரக்கடைசிக்குள் முடிக்கச் சொன்னேனே, முடித்தாயா என்று பொருள். பதில் சொல்லும் மாணவர் எந்த வினையைத் தேர்கிறார் என்பதிலிருந்தே அவர் புத்தகத்தை எதுவரை புரட்டினார் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துபோகும்.

இவற்றையெல்லாம் தாண்டினால் இயக்க வினைகள். நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு ஒன்று. ஒரு திசையில் போய்க்கொண்டிருப்பதற்கு ஒன்று, போய்த் திரும்புவதற்கும் வழக்கமாகப் போய்வருவதற்கும் இன்னொன்று. ஒவ்வொன்றின் முன்னும் வந்து ஒட்டும் முன்னொட்டுகள் வேறு. இரண்டாம் ஆண்டின் நடுவில் இந்த இடத்தில்தான் வகுப்பு பாதியாகும் என்று ரஷ்யன் கற்பித்தவர்கள் சொல்வார்கள். மாணவர்கள் முட்டாள்கள் என்பதல்ல காரணம். வாரம் நான்கு வகுப்பில் இது படிவதில்லை, அவ்வளவுதான். முன்னே சொன்ன மணிக்கணக்கு உறைக்கிற இடமும் இதுவே.

இதற்குச் சிறு கல்லூரிகள் கண்ட வழி, மிச்ச மணி நேரத்தை வெளியே தேடுவது. வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள மிடில்பரி கல்லூரி தானே ஒரு சிறு கல்லூரிதான். 1915இல் ஜெர்மனில் தொடங்கிய அதன் கோடை மொழிப் பள்ளிகளில் ரஷ்யன் 1945இல் சேர்ந்தது. அங்கே சேருகிறவர் முதல் நாளே ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும்: கோடைப் பள்ளி முடியும்வரை கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை. வகுப்பில் மட்டுமல்ல, சாப்பாட்டு வரிசையிலும் விடுதியிலும் பந்தாட்டத்திலும்தான். முப்பது சொல் தெரிந்தவர் முப்பது சொல்லோடு பட்டினி கிடக்காமல் சமாளிக்க வேண்டும். ஒரு கோடையில் ஓராண்டுப் படிப்பு முடியும். மற்ற கல்லூரிகளின் மாணவர்களும் அங்கே வந்து இரண்டாம் ஆண்டுச் சுவரைத் தாண்டிவிட்டுத் தங்கள் கல்லூரிக்குத் திரும்புவது பழக்கமாயிற்று. இதே வெர்மான்டின் கேவண்டிஷ் என்ற சிற்றூரில்தான் எழுத்தாளர் சோல்ஷெனித்சின் 1976 முதல் 1994 வரை வேலி போட்டுக்கொண்டு எழுதினார் என்பது வெறும் தற்செயல். பிர்ச் மரங்களும் பனியும் பலரை அந்தப் பக்கம் இழுத்திருக்கலாம்.

மூன்றாம் ஆண்டில் வகுப்பு நான்கு பேராகச் சுருங்கியிருக்கும். அப்போதுதான் மூலத்தில் இலக்கியம் தொடங்கும். பெரும்பாலும் செகாவ், வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் அன்றாடத்தவை. அசையழுத்தக் குறி இட்ட பதிப்பு, ஓரத்தில் அருஞ்சொற்பொருள். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் நகர்ந்தால் அதுவே பெரிது. இந்த நத்தை வேகத்தைத் துறையின் பலவீனமாகச் சிலர் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

1899இல் வெளியான செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’யை எடுத்துக்கொள்வோம். யால்டாவில் விடுமுறைக்கு வந்த குரோவும் அன்னாவும், இருவருமே வேறிடத்தில் மணமானவர்கள், பழகுகிறார்கள். விடுதி அறையில் அவர்கள் நெருங்கிய பிறகு அவள் குற்றவுணர்வில் குமைகிறாள். அவன் தர்பூசணியை வெட்டி நிதானமாகத் தின்கிறான். ஆங்கிலத்தில் படிக்கிறவர் எல்லோரும் தர்பூசணியைப் பற்றித்தான் எழுதுவார்கள். மூலத்தை ஒரு மணிக்கு ஒரு பக்கமாகப் படிக்கிற நான்கு பேர் வேறொன்றைப் பிடிப்பார்கள். அதுவரை இருவரும் ஒருவரையொருவர் மரியாதைப் பன்மையில் அழைத்துவந்தார்கள். அந்த அறையில் அவன் ஒருமைக்கு மாறிவிடுகிறான். அவள் மாறவில்லை. இனி நீங்களே என்னை மதிக்கமாட்டீர்கள் என்ற பொருளில் அவள் பன்மையில் வருந்த, அவன் ஒருமையில் சமாதானம் சொல்கிறான். மதிப்புக் குறையாது என்று அவன் வாய் சொல்லும்போதே இலக்கணம் அதை மறுக்கிறது.

கதை அங்கே நிற்கவில்லை. மாஸ்கோவில் அவளை மறக்க முடியாமல் அவளுடைய ஊருக்கே தேடிப்போய், நாடக அரங்கின் படிக்கட்டில் அவளைப் பிடிக்கிறானே, அப்போது கெஞ்சும் குரோவ் பன்மைக்குத் திரும்பியிருக்கிறான். சல்லாபக்காரன் காதலனாகிவிட்டதைக் கதாசிரியர் வாய்விட்டுச் சொல்வதோடு நிறுத்தவில்லை. ஒரு விகுதியிலும் வைத்துவிட்டார். கடைசிப் பகுதியில் தலை நரைக்கத் தொடங்கிய குரோவ் அவளைத் தேற்றும்போது மறுபடி ஒருமை வருகிறது. இது அந்தப் பழைய ஒருமை அல்ல. அன்னாவோ, பேசும் இடங்களில் பன்மையிலேயே இருக்கிறாள். ஆங்கிலத்தில் இவ்வளவும் ஒரே முன்னிலைச் சொல்லில் அழிந்துவிடும். ‘நீ’யும் ‘நீங்கள்’உம் உள்ள தமிழில் இதைக் காப்பாற்றலாம், மொழிபெயர்ப்பாளர் மூலத்தைப் பார்த்திருந்தால். ஆங்கிலம் வழியாக வருகிறவர் ஊகித்துத்தான் போட வேண்டும்.

இருநூறு பேர் அமரும் விரிவுரைக் கூடத்தில் இதைப் பேராசிரியர் சொல்லிவிடலாம், மாணவர் குறித்துக்கொள்ளலாம். நான்கு பேர் அறையில் அது நடப்பது வேறு விதம். முந்தின இரவு அகராதியோடு மல்லுக்கட்டிய ஒருத்தி, வினையீறு ஏன் திடீரென்று மாறுகிறது, அச்சுப்பிழையா என்று கேட்பாள். ஆசிரியர் பதில் சொல்லாமல் முந்தின பக்கத்துக்குத் திரும்பச் சொல்வார். அந்தக் கண்டுபிடிப்பு அவளுடையது. சிறு கல்லூரி தரக்கூடியது இதைத்தான். இதை 1,100 மணிக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.

கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கியின் வழி வேறு. 1972இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அவர் முதலில் மிஷிகன் பல்கலைக்கழகத்திலும், 1980களிலிருந்து சவுத் ஹாட்லியில் உள்ள மவுன்ட் ஹோலியோக் கல்லூரியிலும் கற்பித்தார். 1987இல் நோபெல் பரிசு வந்தபோதும் அவருடைய வேலை இந்தப் பெண்கள் கல்லூரியில்தான். ஆசிரியர் பயிற்சி எதுவும் பெறாதவர். பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். மாணவர்கள் கவிதைகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மனப்பாடம் என்றாலே பழமை என்று முகம் சுளிக்கும் அமெரிக்க வகுப்பறையில் இது விநோதம். நமக்கு அல்ல. செய்யுளை நாவில் ஏற்றாமல் அதன் நடை பிடிபடாது என்று நம்பிய வாத்தியார்கள் நம்மிடமும் இருந்தார்கள். லெனின்கிராடில் அச்சேறாத கவிதைகள் நினைவில்தான் உயிர்வாழ்ந்தன என்பது அவருடைய பிடிவாதத்துக்குப் பின்னால் இருந்த அனுபவம்.

மவுன்ட் ஹோலியோக் தனித்து நிற்கும் கல்லூரி அல்ல. அதோடு ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித், ஹாம்ப்ஷயர் ஆகிய கல்லூரிகளும் மாசசூசெட்ஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகமும் சேர்ந்து ஐந்து நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாக இயங்குகின்றன. ஒன்றில் சேர்ந்த மாணவர் பேருந்தில் போய் மற்றொன்றில் பாடம் கேட்கலாம். ஆம்ஹர்ஸ்டில் ரஷ்யப் பண்பாட்டு மையம் இருக்கிறது. சோல்ஷெனித்சினின் ‘குலாக் தீவுக்கூட்டம்’ நூலின் முதல் பகுதிகளை ஆங்கிலத்தில் தந்த தாமஸ் விட்னி, அந்தக் கல்லூரியின் பழைய மாணவர், தன் வாழ்நாள் சேகரிப்பைக் கொடுத்து 1991இல் அது அமையக் காரணமானார். பெரிய பல்கலைக்கழகங்களே பொறாமைப்படும் புலம்பெயர்ந்தோர் பதிப்புகள் ஒரு சிறு கல்லூரியின் கட்டடத்துக்குள் இருக்கின்றன. நாலு பேர் துறைக்கு இவ்வளவு பெரிய அலமாரியா என்று கணக்காளர் கேட்கலாம். கேட்காமல் இருந்ததால்தான் அது இருக்கிறது.

ஆனால் நான்கு பேரை வைத்துக்கொண்டு துறை பிழைக்காது. பிழைக்க வைப்பது மொழிபெயர்ப்பில் நடக்கும் பாடங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய நாவல் ஆங்கிலத்தில் என்று அறிவித்தால் உயிரியல் மாணவரும் பொருளியல் மாணவரும் வந்து சேர்வார்கள். தஸ்தயேவ்ஸ்கியின் பெயருக்கே ஒரு கூட்டம் உண்டு. அந்த முப்பது நாற்பது பேரின் எண்ணிக்கையைக் காட்டித்தான் நான்கு பேர் வகுப்பைக் காப்பாற்றுகிறார்கள். நபக்கோவும் வெல்லெஸ்லியின் கடைசி ஆண்டுகளில் இதைச் செய்தார். கையில் கிடைத்த மொழிபெயர்ப்புகளைப் பார்த்து எரிச்சலடைந்தார். வகுப்புக்குப் புஷ்கினின் நம்பகமான ‘ஒனேகின்’ மொழிபெயர்ப்பு இல்லையே என்ற கார்னெல் காலத்து எரிச்சல்தான் வளர்ந்து, 1964இல் நான்கு தொகுதிகளாக வந்த அவருடைய பிரசித்தமான, சண்டைக்கு இழுத்த மொழிபெயர்ப்பாயிற்று.

தமிழ் வாசகர்களாகிய நாம் எல்லோரும் ஒரு விதத்தில் அந்த நாற்பது பேர் வகுப்பைச் சேர்ந்தவர்கள். டி. எஸ். சொக்கலிங்கத்தின் ‘போரும் வாழ்வும்’ தொடங்கி, மாஸ்கோவில் தங்கி மொழிபெயர்த்த பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா வழியாக, முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்களும் நியூ செஞ்சுரி புத்தக நிலையமும் இல்லாத ஒரு தமிழ் வாசிப்பு வரலாற்றை எழுத முடியாது. நமக்கு ரஷ்ய இலக்கியம் வந்தது அநேகமாக ரஷ்ய மொழி இல்லாமலே. அமெரிக்கச் சிறு கல்லூரி மாணவருக்கு இலக்கணம் முன்னே வந்து இலக்கியம் பின்னே வருகிறது. நமக்கு இலக்கியம் முன்னே வந்துவிட்டது, இலக்கணம் வரவே இல்லை. இங்கேயும் அரசியல்தான் பணம் கொடுத்தது, மாஸ்கோவின் அரசியல்; நாம் படித்ததோ ‘வெண்ணிற இரவுகள்’. எதிர்ப் பக்கத்தில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கழகத்தில் அலெக்ஸாந்தர் துபியான்ஸ்கி கொஞ்சம் மாணவர்களை வைத்துக்கொண்டு பல்லாண்டுகள் தமிழ் நடத்தினார். சங்கப் பாடல்களின் சடங்கு, தொன்ம வேர்களை ஆராய்ந்த அவர் 2020இல் கொரோனாவில் இறந்தார். அங்கே எவ்வளவு மெதுவாக ஒரு அகநானூற்றுப் பாடல் நகர்ந்திருக்கும் என்று யோசித்தால் மூன்றாம் ஆண்டு செகாவ் வகுப்பு நமக்கு அந்நியமாகத் தெரியாது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் இந்தத் துறைகளின் தரை நகர்ந்தது. முதல் அடி நடைமுறை சார்ந்தது. மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் பீட்டர்ஸ்பர்க்கிலோ மாஸ்கோவிலோ தங்கிப் படிப்பதுதான் மணிக்கணக்கின் பள்ளத்தை நிரப்பும் பெரிய வழி. அது மூடியது. மாணவர்களை அல்மாத்திக்கும் பிஷ்கெக்குக்கும் திபிலிசிக்கும் யெரெவானுக்கும் அனுப்பத் தொடங்கினார்கள். போய்ப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்தது: ரஷ்யன் பேசுகிற உலகம் ரஷ்யாவைவிடப் பெரியது, அதில் பலருக்கு அந்த மொழி மீது கலவையான உணர்வு இருக்கிறது.

இரண்டாவது அடி பாடத்திட்டத்தின் மேல். கோகல் பிறந்தது உக்ரைனில், புல்ககோவ் கீவில், பாபெலும் ஆக்மதோவாவும் ஒதெஸ்ஸாவிலும் அதன் அருகிலும். இவர்களையெல்லாம் ‘ரஷ்ய இலக்கியம்’ என்ற ஒரே பெட்டியில் போட்டு இத்தனை காலம் நடத்தியது சரியா என்ற கேள்வி சூடாக எழுந்தது. இத்துறையின் பெரிய அமெரிக்கச் சங்கம் 2023 மாநாட்டின் பொருளாகவே காலனிய நீக்கத்தை வைத்தது. துறைகளின் பெயர்ப்பலகையில் ‘கிழக்கு ஐரோப்பிய’, ‘யுரேசிய’ என்ற அடைகள் கூடின. இதில் ஒரு பகுதி நிர்வாகத்தைக் குளிர்விக்கும் ஒப்பனை என்பது என் சந்தேகம். மற்றொரு பகுதி நெடுங்காலம் தள்ளிப்போட்ட வேலை. கிர்கீசியரான சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வைத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாகப் படித்து உருகியிருக்கிறார்கள். அவரைப் பல அமெரிக்கப் பாடத்திட்டங்கள் இப்போதுதான் கவனிக்கின்றன.

போர் எண்ணிக்கையைக் கூட்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. ஸ்புட்னிக் நினைவு அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. உளவுத்துறைக்கு ஆள் வேண்டும், பாதுகாப்புக்கு ஆள் வேண்டும் என்று சொல்லித் துறையைக் காப்பாற்றலாம் என்று சில பேராசிரியர்களே வாதிடுகிறார்கள். அந்த வாதம் இன்று வேலை செய்யலாம். அரசுக்கு அவசரமாக ஆள் வேண்டுமென்றால் அது தன் 44 வாரப் பயிற்சியில் தானே தயாரித்துக்கொள்ளும். சிறு கல்லூரியின் நானூறு மணி அதற்குப் போதாது, அதற்காக ஏற்பட்டதும் அல்ல. 1991க்குப் பிறகு எதிரி மறைந்ததும் துறைகள் சரிந்தது, இந்த வாதத்தின் மேலேயே நெடுநாள் உட்கார்ந்திருந்ததால்தான்.

இன்று முதலாண்டு வகுப்புக்கு வருகிறவர்களில் ஒரு புது வகை உண்டு. புரூக்ளினிலோ சிகாகோவிலோ ரஷ்யன் பேசும் வீட்டில் வளர்ந்தவர்கள். பெற்றோர் ஒதெஸ்ஸாவிலிருந்தோ தாஷ்கெண்டிலிருந்தோ வந்திருப்பார்கள். பாட்டியோடு சரளமாகப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டத் தெரியாது. வேற்றுமை ஈறு காதில் சரியாக விழும், காகிதத்தில் தப்பாகும். இவர்களை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? பெரிய பல்கலைக்கழகத்தில் தனிப் பிரிவு இருக்கும். ஒன்றரை ஆசிரியர் உள்ள துறையில் அதற்கு இடமில்லை. தொடக்கநிலையாரோடு உட்கார வைத்தால் சலித்துப்போவார்கள். மூன்றாம் ஆண்டில் வைத்தால் ஒரு பக்கம் படிக்கத் திணறுவார்கள். பெரும்பாலும் ஆசிரியர் தன் மதிய உணவு நேரத்தில் தனியாக உட்கார்ந்து சொல்லித்தருகிறார். அது எந்தப் பணிப்பதிவிலும் ஏறாது.

அந்த ஆசிரியர் ஓய்வு பெறும் நாள்தான் துறையின் உண்மையான கண்டம். மாணவர் குறைந்ததால் துறை மூடியது என்று வெளியே சொல்லப்படும் பல கதைகளின் உள்ளே, ஓய்வுபெற்ற ஒருவரின் நிரந்தர இடம் நிரப்பப்படாமல் போனது இருக்கும். முதலில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஒருவர் வருவார். அவர் வந்ததிலிருந்தே வேறு வேலை தேடுவார். தேடாமல் என்ன செய்வார்? முதலாண்டு மாணவர் நான்காம் ஆண்டுக்கு வரும்போது சேர்த்துவிட்ட ஆசிரியர் இருக்கமாட்டார். இரண்டாம் ஆண்டுச் சுவரைத் தாண்டவைக்கும் அந்தப் பழக்கம் அறுந்துவிடும். எண்ணிக்கை விழும். விழுந்த எண்ணிக்கையைக் காட்டி அடுத்த ஒப்பந்தம் நிறுத்தப்படும். 2023இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் அந்நிய மொழிப் பட்டப்படிப்புகளை ஒரே அடியில் வெட்டியபோது நாடே பேசியது. சிறு கல்லூரிகளில் இது சத்தமில்லாமல் நடக்கிறது. யாரையும் வேலைநீக்கம் செய்ய வேண்டியதில்லை. ஓர் இடத்தைக் காலியாக விட்டால் போதும். அடுத்த ஆண்டுக் கையேட்டில் ‘தொடக்கநிலை ரஷ்யன்’ என்ற வரிக்கு எதிரே இந்த ஆண்டு நடத்தப்படவில்லை என்று அச்சாகும், அதற்கடுத்த ஆண்டு அந்த வரியும் இராது.